சாலார்ஜங்கில் இரண்டே மணி நேரம்

"ஹைதராபாத் போனாயே, ரெபெக்காவைப் பார்த்தாயா?" என்று யாராவது கேட்டால், "ஓ, பார்த்தேனே!" என்று பதினைந்து வருடமாகச் சொல்லி வந்தேன். அது பொய். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். அவ்வளவு தூரம் போய், டிக்கெட்டும் வாங்கி, உள்ளேயும் நுழைந்துவிட்டு, எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். 2009-ம் வருடம் கோடை விடுமுறையில் இரண்டு நாள் பயணமாகக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெண்ணுக்கு ஆறு வயது, பிள்ளைக்கு மூன்று. காலையில் கோல்கொண்டா கோட்டை ஏறி இறங்கினோம். மத்தியானம் சார்மினார், பக்கத்து லாட் பஜாரில் வளையல். பிறகு கால் கடுக்க சாலார்ஜங் மியூசியத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணு விடாம பார்த்துடணும்" என்றார் என் கணவர். அவர் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். சின்னவனுக்கு வயிறு சரியில்லை. அவனைக் கழிவறைக்கு அழைத்துப் போவதும், கழுவி விடுவதும், மடியில் போட்டுத் தட்டுவதுமாக நான் ஒரு பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வரும்போது பெண்ணிடம், "என்னடி பார்த்தே?" என்று கேட்டேன். "நிறைய தட்டும்மா" என்றாள். இவரைக் கேட்டால், "கடிகாரம்... கத்தி... அப்புறம் என்னவோ" என்றார். ஓடிய இரண்டு பேரும் ஒன்றையும் பார்க்கவில்லை, உட்கார்ந்திருந்த நானும் பார்க்கவில்லை!

சகோதரிகளே, இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். வெளியூர் போனால் பையைப் பார்த்துக்கொள்வதும், குழந்தையைத் தூக்கிக்கொள்வதும் யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லையே!

2024-ல் பெண்ணுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. அவளை விடுதியில் சேர்த்துவிட்டு வர நாங்கள் இருவரும், பிள்ளையும், என் மாமியாரும் கிளம்பினோம். மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. பாய், வாளி, தலையணை வாங்கிக் கொடுத்தது போக, எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு காலைப் பொழுது.

"அந்த மியூசியத்துக்கே போகலாம்மா. இந்தத் தடவை நீ பாரு" என்றாள் பெண். எனக்குத் தொண்டையை அடைத்தது.

முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அங்கே ஏறக்குறைய 40 காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. ஒரு கூடத்துக்குப் பத்தே நிமிடம் என்றாலும் 400 நிமிடம், அதாவது ஆறரை மணி நேரத்துக்கு மேல். நடுவில் சாப்பாடு, ஓய்வு எதுவும் இல்லாமல்! ஹைதராபாத் நிஜாமிடம் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலி கான், கல்யாணமே செய்துகொள்ளாமல் ஆயுள் முழுக்கச் சேர்த்த பொருள்கள் அவை. அவருடைய முன்னோர் சேர்த்ததும் அதில் உண்டு. அவர் 1949-ல் காலமான பிறகு, 1951-ல் நேரு அதைப் பொதுமக்களுக்காகத் திறந்துவைத்தார். 1968-ல் மூசி நதிக் கரையில் இப்போதுள்ள கட்டிடத்துக்கு வந்தது. மூன்று தலைமுறை சேர்த்ததை நாம் ஒரு காலையில் பார்த்து முடிக்க முடியுமா?

அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆளுக்கு ஒன்று. அவரவர் கட்டாயம் பார்க்க விரும்பும் ஒரே ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கூட வர வேண்டும். வழியில் கண்ணில் படுவதெல்லாம் இனாம்!

நான் ரெபெக்கா என்றேன். பிள்ளை கடிகாரம் என்றான். பெண் இரட்டைச் சிலை என்றாள். இவர் திப்பு சுல்தானின் தந்த நாற்காலி என்றார். மாமியார் மட்டும், "எனக்கென்ன தெரியும், உங்களோட வரேன்" என்றார். விடவில்லை. பச்சைக்கல், நகை, ஓவியம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். நூர்ஜஹானின் பழம் நறுக்கும் கத்தி இருக்கிறது என்றதும், "அதைக் காட்டுங்கோ" என்றார்.

வயிறு நிறைய டிபன் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கே வாசலில் நின்றோம். பைகளை ஒப்படைத்தோம். உள்ளே போனதும் முதல் காரியமாக, எது எந்தப் பக்கம் என்று ஊழியரிடம் கேட்டுக்கொண்டோம். இதற்கு ஐந்து நிமிடம் செலவானாலும் பரவாயில்லை, அரை மணி நேர அலைச்சல் மிச்சம்.

கால் வலிக்குமுன் முக்கியமானதைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னுடையதை முதலில் வைத்தாள் பெண். ரெபெக்கா பைபிளில் வரும் மணப்பெண். இத்தாலியச் சிற்பி பென்சோனி செய்த பளிங்குச் சிலை. முதலாம் சாலார் ஜங் 1876-ல் ரோம் நகரில் வாங்கியது. முகத்தில் முக்காடு. கல்தான், ஆனால் நனைந்த மல் துணி முகத்தில் ஒட்டினாற்போல, உள்ளே மூக்கும் உதடும் தாழ்ந்த கண்ணும் தெரிகின்றன. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணின் வெட்கம், கொஞ்சம் பயம். பக்கத்தில் வேற்றூரில் தனியாகத் தங்கப் போகிற என் பெண். இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இரட்டைச் சிலை ஒரே மரத்துண்டில் செதுக்கியது. முன்னால் நின்றால் தலை நிமிர்ந்த ஆண், மெஃபிஸ்டோஃபிலிஸ் என்னும் சாத்தான். பின்னால் இருக்கும் கண்ணாடியில் பார்த்தால் தலை குனிந்த மார்கரெட்டா என்ற பெண். பிள்ளை முன்னும் பின்னுமாக நாலு தடவை நடந்துவிட்டான்.

பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்தோம். இதையும் திட்டத்தில் எழுதியே வைத்திருந்தோம். மாமியார் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, "இப்படி உட்காரவிட்டா இன்னும் ரெண்டு பார்ப்பேன்" என்றார்.

தந்த நாற்காலியைப் பார்த்தோம். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி திப்புவுக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்கள். அப்புறம் பச்சைக்கல் கூடம். நூர்ஜஹானின் கத்தியை மாமியார் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "மகாராணியானாலும் பழம் நறுக்கத்தானே வேண்டியிருக்கு! ஆனா இந்தப் பிடியை வெச்சுண்டு எனக்கு வாழைக்காய்கூட நறுக்க வராது" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகிறது. மூன்று மணிக்குப் போனால் மூன்றே அடிதான். பன்னிரண்டுக்குப் போனால் பன்னிரண்டு அடி! அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தோம். கூட்டம் சேருமுன் கால் மணி முன்பே போய் இடம் பிடித்தோம். பன்னிரண்டும் அடித்து முடிந்ததும் வெளியே வந்துவிட்டோம். பார்க்காமல் விட்டது எத்தனையோ. வருத்தமில்லை. பார்த்த ஐந்தும் இன்றும் கண்முன் நிற்கின்றன.

நீங்கள் எந்த ஊர் பெரிய மியூசியத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கு உதவும். சில குறிப்புகள்:

விடுமுறை நாளை முன்பே விசாரியுங்கள். சாலார்ஜங்குக்கும் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை, டில்லி தேசிய மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

கோட்டை, கோயில் ஏறிய பிறகு மியூசியம் வேண்டாம். காலையில் முதல் இடமாக வையுங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

பட்டுப் புடவை, புதுச் செருப்பு இரண்டும் வேண்டாம். பழகிய செருப்பே நல்லது. முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலிலேயே கேளுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் அப்பா குழந்தையோடு உட்காரட்டும், நீங்கள் போய்ப் பாருங்கள். அடுத்த மணி நேரம் மாற்றிக்கொள்ளலாம். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் நடக்காது!

அன்று இரவு ரயிலேறும்போது பெண் கண் கலங்கினாள். "அடுத்த தடவை வரும்போது இன்னும் அஞ்சு பார்க்கலாம்மா" என்றாள். பட்டியலை இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன்.