அம்பு பறித்த கை

பேயும் காதலும் கலந்த கதை என்றவுடன் கற்றோர் பலர் புன்முறுவல் செய்வர். அது படக்கதை என்றும், ஜப்பானியர் மங்கா என வழங்குவது என்றும் கூறின், அப்புன்முறுவல் பெருநகையாகவே மாறிவிடும். கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோ இது என வினவுவாரும் உளர். ஆயினும், எளியன என்று ஒதுக்கப்படும் நூல்களே சிற்சில வேளைகளில் நம் வீட்டு வாயிலில் நிற்கும் கேள்வியை நேர்நின்று கேட்டுவிடுகின்றன. அத்தகைய நூல் ஒன்றைப் படித்தவிடத்து எம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் உசிலம்பட்டியிலுள்ள எம் இல்லத்துக்கு வந்த எம் தம்பி மகள், 'இனுயாஷா' என்னும் மங்காவின் முதல் நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் கொணர்ந்திருந்தாள். அதனை எழுதி வரைந்தவர், 1957-இல் பிறந்த ருமிக்கோ தகாஹாஷி என்னும் பெண்மணியார். 1996 முதல் 2008 வரை வார இதழொன்றில் தொடர்ந்து வெளிவந்த அக்கதை 56 நூல்களாகத் தொகுக்கப் பெற்றது. முதல் நூல் 1997-இல் வெளிப்போந்தது. பகலுணவுக்குப்பின் கண்ணயரும் பொருட்டுக் கையிலெடுத்த யாம், மாலை விளக்கேற்றும் வரை அதனைக் கீழே வைத்திலோம்.

கதை இது. ககோமே என்பவள் தோக்கியோ நகரிலே ஓர் ஆலயத்தைச் சார்ந்த இல்லத்தில் வாழும் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. அவ்வாலய வளாகத்துப் பழங்கிணற்றினின்றும் எழுந்த பூரானுருக்கொண்ட பெண்பேய் ஒன்று அவளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவள் கரையேறியபோது காண்பது, பல நூற்றாண்டுகட்கு முற்பட்ட போர்க்கால ஜப்பானை. அங்கே ஒரு பெருமரத்தில், அம்பு தைத்தபடியே ஐம்பதாண்டுகளாக உறங்குகின்றான் இனுயாஷா. அம்பெய்தவள் கிக்கியோ என்னும் பூசாரிப் பெண். பேராற்றல் தரும் மணியொன்றைக் கவர்ந்தான் என்பது அவன்மேற் சாட்டிய குற்றம். பூரான்பேய் தன்னைக் கொல்ல நெருங்கிய கணத்தில், ககோமே அவ்வம்பைப் பறிக்கின்றாள், அவன் விழிக்கின்றான். விழித்தவன் நன்றி கூறினானோ எனின், இல்லை! பேயைக் கொன்றபின் மணியை வேண்டி அவளையே துரத்துகின்றான். கிக்கியோவின் தங்கையாகிய மூதாட்டி கயேடே, மந்திர மணிமாலையொன்றை அவன் கழுத்திற் பூட்டுகின்றாள். அதன்பின் ககோமே 'உட்கார்' என்னும்போதெல்லாம் அவன் முகங்குப்புற வீழ்கின்றான். இறுதியில் அம்மணி அவள் எய்த அம்பினாலேயே துண்டு துண்டாகச் சிதறுகின்றது. அவற்றைத் தேட இருவரும் ஒருங்கே வழிநடக்க நேர்கின்றது. முதல் நூலில் காதல் இன்னும் அரும்பவில்லை, சச்சரவே மிகுதி. எனினும் வித்து விழுந்துவிட்டதென்பதைப் படிப்போர் அறிவர்.

இதனைப் படிக்குங்கால் எமக்கு அயல்நாடு என்னும் உணர்வே தோன்றவில்லை. எம் ஊர்ப்பக்கத்துச் சிற்றூர்களில், பேயைப் பிடித்துப் புளிய மரத்தில் ஆணியடித்துக் கட்டிவிட்டதாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பேய்பிடித்தாரது மயிர்க்கற்றையை அவ்வாணியிற் சுற்றி வைப்பதுமுண்டு. அத்தகைய மரத்தைச் சிறுவயதில் யாம் கண்களை மூடிக்கொண்டு ஓடியே கடப்போம். ஆதலின், மரத்தோடு தைக்கப்பட்டவனைக் கண்டு அஞ்சாது அருகணைந்து, அவனைத் தைத்ததனைப் பிடுங்கியெறியும் ஒரு பெண்ணின் கையைப் படத்திற் கண்டபோது, எம் உள்ளம் துணுக்குற்றது.

நிற்க. இனுயாஷாவின் குற்றந்தான் யாது? அவன் தந்தை பேய்க்குலத்தவன். தாய் மானிடப் பெண். பேய்கள் அவனை மானிடன் என்று இகழும். மானிடர் அவனைப் பேய் என்று விலக்குவர். இரு பாலும் இடமின்மையாலேயே, அம்மணியின் ஆற்றலால் முழுப்பேயாகிவிட அவன் விழைகின்றான். கிக்கியோவும் அவனும் ஒருவரையொருவர் விரும்பியவர் என்பதும், மூன்றாம் ஒருவனது வஞ்சகமே அவ்விருவரையும் பகைவராக்கியது என்பதும் பின்வரும் நூல்களில் விளங்கும்.

இத்தகைய கதை நம்மிடம் இல்லையோ? உண்டு. மதுரை வீரன் கதையை அறியாதார் இந்நாட்டில் எவர்? பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைதோறும் விற்கப்பட்டது, கூத்தாக ஆடப்பட்டது, 1956-இல் திரைப்படமாகவும் வந்தது. செருப்புத் தைக்கும் குடியில் வளர்ந்த வீரன், பாளையத் தலைவன் மகள் பொம்மியைக் காவல் புரிந்து, காதலித்து, கைப்பற்றிச் சென்றான். பின்னர் மதுரையில் வெள்ளையம்மாளை விரும்பியதன் பொருட்டு, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான். இன்று அவன் மீனாட்சியம்மன் கோவிலின் கீழை வாயிலருகே தெய்வமாக நிற்கின்றான். நெல்லைச் சீமையில் முத்துப்பட்டன் கதையும் இவ்வாறே: குலங்கடந்து மணந்தவன் கொலையுண்டு, பின் பாபநாசத்து மலைச்சாரலில் வழிபாடு பெறுகின்றான்.

இரு நாட்டுக் கதைகட்கும் உள்ள வேற்றுமையை ஈண்டுக் கருதுதல் வேண்டும். நம் கதைகளில், காதலர் மாண்ட பின்னரே தெய்வத்தன்மை வருகின்றது. உயிரோடிருக்கும்வரை அவர்க்கு இடமில்லை. அதுவுமன்றி, வீரன் உண்மையில் காசி மன்னன் மகனே என்று கூறித் தேற்றிக்கொள்வாரும் உளர். பிறப்பிலே உயர்ந்தவன் என்று காட்டினாலன்றி அவன் காதலை ஏற்க மனம் ஒருப்படவில்லை போலும்! தகாஹாஷியோ, முதல் நூலில் அத்தகைய ஆறுதல் எதனையும் தாராது, பாதியானவனைப் பாதியானவனாகவே நம்முன் நிறுத்துகின்றார். அவனை ஏற்பதோ விலக்குவதோ படிப்போர் பொறுப்பாகின்றது.

எம் தெருவில் வாழ்ந்த ஒரு பெண், தான் விரும்பிய வேற்றுக் குலத்தானை மணந்து ஊரைவிட்டு அகன்றாள். அன்று முதல் அவள் பெயர் அவ்வீட்டில் வழங்காதொழிந்தது. தாய் இறந்தபோதும் அவளுக்குச் சொல்லியனுப்பினாரல்லர். அவள் உயிரோடிருக்கின்றாள் என்பதே எமக்கு ஆறுதல். அவ்வாறு தப்பாதார் பலரென்பதைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அறியும். வயது நிரம்பிய இருவர் மனமொத்து மணப்பதைச் சாதிக்கூட்டமோ குடும்பமோ தடுத்தல் சட்டத்துக்கு மாறென உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. தீர்ப்பு ஏட்டில் உளது. அம்போ இன்னும் பலர் நெஞ்சில் உளது.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது எம் தம்பி மகள், "பெரியப்பா, ககோமே அந்த அம்பைப் பிடுங்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டாள். "நம் ஊராயிருந்தால், அந்த மரத்தடியில் ஒரு கோவில் எழும்பியிருக்கும், அம்மா," என்றோம். அவள் நகைத்தாள், யாம் நகைத்திலோம்.

மாணவ நண்பர்களே, இத்தகைய நூல்களைப் படிக்கின்றீர் என்று உங்களைக் கடியோம். படியுங்கள், ஆயின் படத்தோடு நின்றுவிடாதீர்கள். கொன்றபின் கும்பிடுவது நம் பழைய வழக்கம். உயிரோடிருக்கும்போதே அம்பைப் பறிப்பது கற்றார்க்குரிய கடன். அதற்குப் பேராற்றல் மணியொன்றும் வேண்டுவதில்லை. அஞ்சாது நீளும் ஒரு கை போதும்.