தூக்குவது ஒன்று, தாங்குவது ஒன்று

ஜாக்கி வண்டியைத் தூக்கும். தாங்காது. தாங்குவதற்கு வேறொன்று வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள், தங்கள் வண்டிக்கு அடியில் இதுவரை படுத்தவர் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் இல்லை, காலனி. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி லாரிப் பட்டறை, வேன் பட்டறை, கார் பட்டறை என்று வரிசையாக வந்தபோது, நிலமில்லாத எங்கள் சனங்களுக்கு அது இன்னொரு கழனி மாதிரி ஆகிவிட்டது. கரும்பு வெட்டப் போன அப்பன்களின் பிள்ளைகள் பட்டறைக்குப் போனார்கள். என் சித்தப்பா 1980இல் போனார். அப்போது அவருக்கு வயது 11. மத்தியானம் சோறு, சனிக்கிழமை ரெண்டு ரூபாய். போன முதல் நாளே வண்டிக்கு அடியில் அனுப்பிவிட்டார்கள்.

"சின்ன ஒடம்பு, எங்கயும் நுழையும்னு சொன்னாங்க பாப்பா. மொதலாளி பையனும் என் வயசுதான், என் ஒடம்புதான். அவன் ஒருநாளும் நுழையல" என்பார் சித்தப்பா.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விளக்கியிருக்கிறார். அதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் பட்டறையில் பார்த்துவிட்டேன். கல்லாவில் ஒருவர். எஞ்சின் பிரிக்கிறவர், டிங்கர் வேலை செய்கிறவர், பெயிண்ட் அடிக்கிறவர் என்று அதற்குக் கீழே வரிசை. கடைசி ஆள் தரையில், கோணிமேல், மல்லாந்து கிடப்பான். கண்ணில் ஆயில் சொட்டும். அந்தக் கடைசி ஆள் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் காலனிப் பையன்தான். சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் இறங்குவது யார் என்று நமக்குத் தெரியும். கீழே போக வேண்டிய வேலைக்கு எந்த உடம்பைக் கூப்பிடுவது என்று இந்தச் சமூகம் என்றைக்கோ முடிவு செய்துவிட்டது.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. காரோடு வருகிற புத்தகத்தில் அது அச்சடித்திருக்கிறது. பல ஜாக்கிகளின் மேலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, டாஷ்போர்டு அறையில் இருக்கிறது, வண்டிக்காரர் வீட்டில் இருக்கிறது. பட்டறை ஜாக்கியில் ஒட்டியிருந்த படமோ க்ரீஸ் பட்டு என்றைக்கோ உரிந்துபோனது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததெல்லாம் ஒருநாளும் அடியில் படுக்காதவருக்குத்தான்.

2011இல் நான் எம்.ஏ. தமிழ் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினாறு வயது, டவுனில் ஒரு பட்டறையில் வேனுக்கு அடியில் கிடந்தான். மேலே ஹைட்ராலிக் ஜாக்கி, பக்கத்தில் துணைக்கு நாலு செங்கல். ஜாக்கி மெல்ல இறங்கியது. எடை செங்கல்மேல் வந்தது. செங்கல் வெடித்துப் பிளந்தது. உயிர் பிழைத்தான், இடுப்பு பிழைக்கவில்லை. இன்றைக்குத் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்திருக்கிறான். வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நட்ட ஈடு தர வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1923இலேயே வந்துவிட்டது. 88 வருசம் கழித்து எங்கள் பையனுக்கு நடந்தது திண்ணைப் பஞ்சாயத்து. பதினைந்தாயிரம் ரூபாயும் ஒரு வெள்ளைத்தாளில் அவன் அப்பாவின் கைநாட்டும். "பையன் கவனமா இருந்திருக்கணும்" என்று அங்கே ஒருத்தர் சொன்னார். நாலு செங்கல்லை வைத்துக் கொடுத்தவன் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வண்டிக்கு வருகிறேன். 2017இல் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய மாருதி 800 வாங்கினோம். எங்காவது வன்கொடுமை நடந்தால் உண்மை அறியப் போக, வழக்குக்கு சாட்சிகளைக் கூட்டிப்போக, ராத்திரியில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. இந்த வண்டி நடுராத்திரியில் ஊர்த்தெருவில் நின்றுவிட்டால் அது வெறும் ரிப்பேர் இல்லை. அதனால் ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, டயர் மாற்றுவது எல்லாம் நாங்களே வீட்டில் செய்யப் பழகினோம். "பொம்பளைக்கு எதுக்கு ஜாக்கி?" என்று தெருவில் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் நாலைந்து பையன்களையும் சமுதாயக்கூடத்து வாசலுக்குக் கூட்டிப்போனார். நாற்பது வருசம் அடியில் கிடந்து கற்றதை, யாரும் அவருக்குச் சொல்லித்தராததை, எங்களுக்குச் சொல்லித்தந்தார்.

ஏன் சமுதாயக்கூடம்? காலனியில் சமமான சிமெண்டுத் தரை அங்கேதான். சரிவில் வண்டியைத் தூக்கவே கூடாது. மண்ணில் ஜாக்கியின் அடி ஒரு பக்கமாக இறங்கும், சாயும். வேறு வழியே இல்லை என்றால் அடியில் அகலமான, தடித்த பலகை வேண்டும். கத்திரி வெயிலில் தார் ரோடுகூட இளகும், அங்கேயும் பலகை. முதலில் வண்டிக்குள் இருக்கிற எல்லோரும் இறங்க வேண்டும். தூங்குகிற குழந்தையையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

அடுத்தது, வண்டி உருளக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரில் விட்டாச்சு என்று நாங்கள் சொன்னோம். "எந்தச் சக்கரத்தைப் புடிக்குது, அதைச் சொல்லு" என்றார். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. மாருதி 800இல் கியர் பிடிப்பது முன்சக்கரங்களை. பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடித்த இரண்டு சக்கரமும் அந்தரத்தில். முன்னால் ஒரே ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது. வளைவில் திரும்புவதற்காக இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்படி உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒன்று அந்தரத்தில் சும்மா சுற்றினால் போதும், தரையில் இருக்கிற மற்றது உருளலாம். ஆகவே கட்டை. தரையிலேயே நிற்கப்போகிற சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுக்க வேண்டும். உருண்டைக் கல் வேண்டாம், சரிவாகச் செதுக்கிய மரக்கட்டை.

சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கிக்கொள்ள வேண்டும். இறுகின நட்டை ஸ்பானர்மேல் ஏறி மிதித்துத்தான் இளக்குவோம். அந்த மிதியைத் தூக்கின வண்டியிடம் காட்டினால் அது ஜாக்கியை விட்டு நழுவும்.

ஜாக்கியை எங்கே வைப்பது? கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் குறி வெட்டியிருக்கும். பெரும்பாலான சின்னக் கார்களில் அப்படித்தான். அங்கே மட்டும்தான் உள்ளே கெட்டித் தகடு. வேறு இடத்தில் வைத்தால் தரைத்தகடு குழியும், ஆயில் சேம்பரில் வைத்தால் அது பிளக்கும். பழைய வண்டி என்றால் அந்தக் குறி உள்ள இடமே துருப்பிடித்திருக்கும். கையால் தட்டி, திருப்புளியால் குத்திப் பார்க்காமல் அதில் எடையை ஏற்றக் கூடாது.

ஹைட்ராலிக் ஜாக்கி எப்படித் தூக்குகிறது? உள்ளே எண்ணெய். சின்னத் தண்டு ஒன்றை நாம் அழுத்துகிறோம், அந்த அழுத்தம் எண்ணெய் வழியாகப் போய்ப் பெரிய தண்டைத் தள்ளுகிறது. கை பலத்தில் ஒரு காரே எழும்புகிறது. ஆனால் அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்தால் சத்தமே இல்லாமல் கசியும், வண்டி இறங்கும். ஸ்க்ரூ ஜாக்கியில் எண்ணெய் இல்லை. ஆனால் அதன் அடி குறுகல், வண்டி நாலு விரல் நகர்ந்தாலே கவிழும். தேர்தலுக்குத் தேர்தல் எங்களைத் தூக்கிவிட வருகிறவர்களும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். இறக்குகிற திருகும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. வண்டி எடைக்கு மேல் தாங்கும் என்று அதில் பொறித்திருக்க வேண்டும். முன்பக்கம் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று, ஒரே உயரத்தில். அதை வைத்தபின் ஜாக்கியை மெல்ல இறக்கி எடையை ஸ்டாண்டின்மேல் உட்காரவைக்க வேண்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் தொட்டும் தொடாமல் துணைக்கு நிறுத்த வேண்டும். செங்கல் வேண்டவே வேண்டாம். அது சுவரில் வரிசையாக நின்றுதான் பாரம் தாங்கும். ஒரு முனையில் குத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும். ஹாலோ பிளாக் அதைவிட மோசம்.

அப்புறம் வெளியே நின்றபடி வண்டியை நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். "விழுறதா இருந்தா இப்பவே வுழட்டும்" என்பார் சித்தப்பா. அசையாமல் நின்றால்தான் உள்ளே. கழற்றின சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ விளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டுவைக்க வேண்டும். எல்லாம் கைவிட்டாலும் அது கொஞ்சம் இடைவெளி தரும். சாவி நம் இடுப்பில். அடியில் ஆள் இருக்கும்போது யாரும் வண்டிக்குள் ஏறவோ கதவை அடித்துச் சாத்தவோ கூடாது. கூப்பிடுகிற தூரத்தில் ஒருத்தர் இருக்க வேண்டும். வேலை முடிந்து இறக்கும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, சக்கரம் தரையைத் தொட்டபின் கடைசி இறுக்கு.

மாருதி 800 கிட்டத்தட்ட 650 கிலோ. எங்கள் பக்கத்து 75 கிலோ நெல் மூட்டைக் கணக்கில் எட்டு மூட்டைக்கு மேல். எஞ்சின் முன்னால் இருப்பதால் பாதிக்கு மேல் முன்பக்கத்தில். நெஞ்சில் அது உட்கார்ந்தால் எலும்பு முறிய வேண்டும் என்றுகூட இல்லை. மூச்சு இழுக்க நெஞ்சு விரிய வேண்டும், விரிய இடம் இருக்காது. சில நிமிசம் போதும். "ஒரு நிமிசம்தான், சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்ற பேச்சே கூடாது என்று சித்தப்பா அடித்துச் சொன்னது இதனால்தான்.

நாங்கள் வாங்கிய ஒரு ஜோடி ஸ்டாண்டு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். எங்கள் பெண்கள் குழுப் பணத்தில் வாங்கினோம். எங்கள் பையனின் இடுப்புக்குப் பதினைந்தாயிரம் எண்ணிக் கொடுத்த கையால் அந்தச் செலவைச் செய்ய முடியாமல் இல்லை. தேவை என்று தோன்றவில்லை. அடியில் கிடந்த உடம்புக்கு அந்த விலைகூட இல்லை என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத்தான் உடைக்க வேண்டும். பட்டறைக்கு வண்டி விடுகிற ஒவ்வொருவரும், தலித்தாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், "ஸ்டாண்டு எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடலாம். வண்டிக்குக் கீறல் விழுந்தால் கேட்கிற வாய்தானே.

என் அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருசம் மோட்டார் மெக்கானிக் படித்தான். அங்கே ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் விடமாட்டார்கள். வேலைக்குப் போன பட்டறையில் செங்கல்லைக் காட்டினார்கள். முடியாது என்றான். "ஐ.டி.ஐ. தொரை வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். அன்றைக்கு அவனை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். கை வேலைக்காரன், அதனால் அனுப்பவில்லை. இப்போது காலையில் குழுவின் ஸ்டாண்டு இரண்டையும் கோணியில் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு போகிறான். சாயங்காலம் கொண்டுவந்து சமுதாயக்கூடத்தில் வைக்கிறான். போன மாதம் அந்தப் பட்டறையின் இன்னொரு பையன், ஊர்த்தெருக்காரன், அவனிடம் கேட்டானாம்: "டேய், நீ கீழ போவாத நேரத்துல அத எனக்குக் குடுப்பியா?" கொடுத்திருக்கிறான். குழுவில் அடுத்த ஜோடிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.