லண்டனில் நாலு மணிக்கே இருட்டுவது ஏன்?



டிசம்பர் வந்துவிட்டது. நம்மூரிலும் சீக்கிரம் இருட்டுகிறது. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அதனால் ஒரு பழைய பாடம்.

சாத்துக்குடியில் குடைக்கம்பியைக் குத்தி, மெழுகுவர்த்தி முன்னால் சுற்றிக் காட்டியது நினைவிருக்கிறதா? வெளிச்சம் படும் பாதி பகல், மறுபாதி இரவு. கம்பி நேராக நின்றால் வருடம் முழுக்க எல்லா ஊருக்கும் பகல் 12 மணி, இரவு 12 மணிதான். ஆனால் பூமியின் அச்சு சுமார் 23½ டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றி வரும்போதும் அந்தச் சாய்வு திசை மாறுவதில்லை. அதனால் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது. டிசம்பரில் விலகி நிற்கிறது.

நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக வித்தியாசம் கூடும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஜூன் 21-இல் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பர் 21-இல் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டன் 51½ டிகிரி. அங்கே ஜூனில் பகல் பதினாறரை மணிக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி கூட இல்லை.

குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்தான். எல்லாம் சாய்வு செய்யும் வேலை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஒரு மாணவனின் அம்மா போன் செய்தார். பையன் லண்டனில் படிக்கிறான், முதல் குளிர்காலம். "நாலு மணிக்கே இருட்டிடுதாம் டீச்சர். ரூமை விட்டு வெளியே வர மாட்டேங்கறான். படிப்பை விட்டுட்டு வந்துடறேன்னு சொல்றான்" என்று அழுதார்.

"நீங்க எப்பம்மா போன் பண்ணுவீங்க?" என்றேன். வேலை எல்லாம் முடித்து ராத்திரி ஒன்பதரைக்காம். அங்கே அப்போது சரியாக நாலு மணி. இருட்டும் நேரம். "இனிமே சாயங்காலம் அஞ்சரைக்குப் பண்ணுங்க. அங்க நடுப்பகல். வெளியே நடந்துக்கிட்டே பேசுன்னு சொல்லுங்க" என்றேன்.

வெளிச்சம் குறைந்தால் சிலருக்கு மனம் சோர்ந்துபோகும் என்பது மருத்துவர்களே சொல்வதுதான். அது கோழைத்தனம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, மதிய வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள். இரண்டு வாரமாகியும் சோர்வு விலகவில்லை என்றால் கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள்.

டிசம்பர் 21, 22 தாண்டினால் பகல் வளரத் தொடங்கிவிடும். பொங்கலுக்குள் லண்டனில் இருபது நிமிடத்துக்கும் மேல் கூடியிருக்கும். மார்ச் 20 வாக்கில் நமக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பகல். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் உங்களுக்கு வெயில் இருக்கும். படிப்பை விடுவது போன்ற பெரிய முடிவுகளை அதுவரை தள்ளிப் போடுங்கள்.

உங்கள் ஊரில் இன்று சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்