தவளைக்கு எத்தனை சதவீதம்?

சித்திரையில் வீரபாண்டிக்கு வருகிறவர்களுக்குக் கௌமாரியம்மன் திருவிழா தெரியும், அக்கினிச்சட்டி தெரியும், முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் மொண்டு வந்து கம்பத்துக்கு ஊற்றுகிற கூட்டம் தெரியும். அதே நாட்களில் எங்கள் தெரு வீடுகளுக்கு இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு. வெயில் ஏற ஏற, குளியலறையில் அண்டாவுக்குப் பின்னாலோ, கொடியில் கிடக்கும் ஈரத்துண்டின் மடிப்பிலோ ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் அலறுவார்கள். பெரியவர்கள், “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது” என்று குளித்துவிட்டு வருவார்கள்.

என் அண்ணன் மகன் சென்னையில் காசு கொடுத்து ஒரு தவளையை வாங்கி வைத்திருக்கிறான். தென் அமெரிக்கக் கொம்புத் தவளை. கடைக்காரர்கள் ‘பேக்மேன்’ என்பார்கள். உள்ளங்கை நிறைய உட்காரும். இரை எதிரே வந்தாலொழிய அசையாது. போன கோடையில் அவனிடமிருந்து போன் வந்தது.

“சித்தப்பா, மீட்டர்ல ஈரப்பதம் நாப்பத்தஞ்சுதான் காட்டுது. எழுபதாவது வேணுங்கிறாங்க. தண்ணி தெளிச்சா ஏறுது, ஏசி போட்டா எறங்கிருது. மூடிய இறுக்கி மூடுனா மண்ணுல பூசணம் பூக்குது. என்ன செய்ய?”

“தவளை என்னடா செய்யுது?”

“அத எங்க பாத்தேன்? மீட்டரத்தான் பாத்துட்டிருக்கேன்.”

மீட்டரும் வேண்டியதுதான். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றையும் தொடையையும் ஒட்டிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். அதற்குத் தோல் நனைந்தே இருக்க வேண்டும். நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மண்பானையும் இப்படித்தான்: காய்ந்த காற்றில் நன்றாகக் குளிரும், சீக்கிரம் காலியாகும். பானையை நாம் நிரப்பிவிடுவோம். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் தவளை தன்னை நிரப்பிக்கொள்ள, நாம் வைத்த ஈரம்தான் கதி.

மீட்டர் காட்டும் சதவீதம் தனித்து நிற்கிற எண் அல்ல. ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். விடியற்காலையில் நூறு சதவீதம் ஈரமாக இருந்த காற்று, ஒரு சொட்டு நீரும் குறையாமலே வெயிலில் சூடேறி நண்பகலில் பாதிக்குச் சற்று மேலே வந்து நிற்பது இதனால்தான். தொட்டிக்கு மேலே சூட்டு விளக்கு போட்டாலும் இதே கதை. ஏசி வேறு வழியில் உலர்த்துகிறது: குளிர்ந்த சுருளில் ஈரத்தைப் படியவைத்து வெளியே குழாயில் சொட்டவிடுகிறது. அந்தச் சொட்டில் தவளையின் பங்கும் இருக்கிறது.

எங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டையிலிருந்து வந்த இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 சதவீதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும். அதே புழு வளர்ந்து கூடு கட்டப்போகும் பருவத்தில் 24 டிகிரி போதும். ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டினால் தொல்லை. ஒரு மாதத்துக்குள் ஒரே மனையில் இந்த மாற்றத்தைக் கொண்டுவர வேண்டும். கோடையில் சன்னலில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு நனைக்கிறார்கள். காற்று அதன் வழியே உள்ளே வரும்போது சூடு குறைகிறது, ஈரம் ஏறுகிறது. புழு கூடு கட்டத் தொடங்கியதும் சாக்கை எடுத்துவிட்டு, காற்றோட்டமாகத் திறந்துவிடுகிறார்கள். சுவரில் வெப்பமானி தொங்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது தட்டில் கிடக்கும் இலை வாடியிருக்கிறதா, புழு தின்கிறதா என்பதைத்தான்.

குளியலறை மரத்தவளையை ஒரு பகல் முழுக்கக் கவனித்தால் இன்னொன்று தெரியும். அது மிக ஈரமான இடத்தில் உட்காருவதில்லை. குழாயடியை விட்டு எட்ட, சுவரின் நடுவில் கைகால்களை உடம்போடு ஒட்ட மடித்து, வயிற்றைச் சுவரில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும் தோல் குறையக் குறைய நீரிழப்பும் குறையும். பொழுது சாய்ந்ததும் இறங்கி வந்து ஈரத்தரையில் வயிற்றை வைத்து உட்காரும். இந்த இனத்தை 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஹார்வி லில்லிவைட்டும் இந்திய ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். தோலில் சுரக்கும் நீர்மத்தைக் கைகால்களால் முதுகெங்கும் இது துடைத்துப் பூசிக்கொள்கிறது. அந்தப் பூச்சு நீரிழப்பைக் குறைக்கிறது என்று கண்டார்கள்.

ஐப்பசி மழையில் இதன் கைவேலையை முழுதாகப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, சுரந்த திரவத்தைக் கால்களால் அடித்து அடித்து வெள்ளை நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். நுரையின் மேற்புறம் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். மேலே காய்ச்சல், உள்ளே ஈரம், கீழே தண்ணீர் என்று மூன்றையும் ஒரு சாண் உயரத்துக்குள் அடக்கிவிடுகிறது.

கண்ணாடிப் பெட்டியில் நாம் தவறவிடுவது இதைத்தான். இந்தப் பெட்டி முதலில் செடிக்காக வந்தது. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பெரணி தானே முளைத்து வளர்வதை 1829 வாக்கில் கண்டதிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. பெரணிக்கு ஒரே மாதிரி ஈரம் போதும். தவளைக்கு ஈரமான மூலையும் வேண்டும், காய்ந்த மூலையும் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர வழியும் வேண்டும். எங்கும் எழுபது சதவீதமாகவே வைத்தால் அதற்கு அந்த வழி அடைபட்டுப்போகிறது.

அண்ணன் மகனிடம் இதைத்தான் சொன்னேன். தென்னைநார்க் கழிவை நாலு விரற்கடை ஆழத்துக்குப் போடு; அடியில் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரம் இருக்கட்டும், மேலே காயட்டும். வலைமூடியில் பாதியை மட்டும் மறை. ஆழமில்லாத தண்ணீர்த் தட்டை ஒரு பக்கமாக வை. குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும், தினமும் மாற்று. சூடு 24-லிருந்து 28-க்குள் நிற்கட்டும், 30-ஐத் தாண்டவிடாதே. மறுவாரம் போனில், “மீட்டர் ஒரு பக்கம் அறுபது, ஒரு பக்கம் எண்பது காட்டுது சித்தப்பா. அது ரெண்டுக்கும் நடுவுல குழி தோண்டி உக்காந்துருச்சு” என்றான்.

வாங்க நினைக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பு நச்சுத் தவளை போல, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர்த் தவளையைப் பிடித்து அடைக்கவே வேண்டாம். அதற்குக் குளியலறை இருக்கிறது. வாங்கிய தவளை அலுத்துப்போனால் கிணற்றில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் ஆகாது. இந்தியப் பெருநிலத்தின் பெருந்தவளை அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சிறு உயிர்களைத் தின்று பெருகிக்கொண்டிருக்கிறது. கொம்புத் தவளை பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. விலை கேட்கும்போதே, அத்தனை அக்கினி நட்சத்திரத்துக்கும், மின்சாரம் போகிற மதியங்களுக்கும், நாம் ஊரில் இல்லாத நாட்களுக்கும் தண்ணீர் தெளிக்க வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.