ஏலத்தில் எடுத்த பிள்ளையும் நம் நாவும்

2017 பிப்ரவரி ஐபிஎல் ஏலத்தில், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இளம் பந்துவீச்சாளர் நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடிப்படை விலையோ 10 லட்சம். இஷா தொழுதுவிட்டுத் தேநீர்க் கடையில் கூடிய எங்கள் ஊர் வாலிபர்களிடையே அன்றே வாதம் மூண்டது. “நம்ம மாவட்டத்துப் புள்ள, யார்க்கர் போட்டா ஸ்டம்பு நிக்காது” என்றார் ஒருவர். “டிஎன்பிஎல் ஆடினவருக்கு இவ்வளவு பணமா பாய்?” என்றார் மற்றவர்.

அந்தப் பருவத்தில் 6 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தவை 2 விக்கெட்டுகளே. பேச்சு கேலியாக மாறி, அவருடைய குடும்பத்தின் வறுமைவரை நீண்டது.

பந்து சரியாக விழவில்லை என்பது விமர்சனம். ஒருவரை அவர் இல்லாத இடத்தில் இழித்துரைப்பது புறம். மார்க்கம் அதை வன்மையாகத் தடுக்கிறது.

2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் முதலில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத் தேர்வான நடராஜன், மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். கேலி செய்தவர்களே கொண்டாடினர். ஆயினும் அவர் வெல்லாமலே போயிருந்தாலும் அந்தப் பேச்சு பாவமே.

பிளஸ் டூ முடிவு வரும் நாளில் உறவினர் பிள்ளைகளையும் இவ்வாறே எடைபோடுகிறோம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது ஒரு துஆ. அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக, ஆமீன்.