பட்டா ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருக்கு

  

"சார், கிசான் பணம் ஏறிடுச்சா?" சேலையூரில் காலை நடைக்கு வரும் எங்கள் வட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வி எழும். கேட்பவர்களில் ஒருவர்கூட இன்று வயலில் இறங்குபவர் இல்லை. சொந்த ஊரில் அப்பா பெயரிலிருந்து இவர்கள் பெயருக்கு மாறிய பட்டா இருக்கிறது, அவ்வளவுதான். விதிப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. என் கேள்வி அந்த விதியைப் பற்றியது.

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். அதே ஆண்டில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுபவருக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கும் என் போன்றவருக்கும் கிடையாது. அது நியாயம்தான்.

மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் என் பெயரில் 80 சென்ட் இருக்கிறது. பயிர் வைப்பவர் வேறொருவர். அவர் அப்பா காலத்திலிருந்து வாய்மொழிக் குத்தகை. விதை, நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் அவர் கைக்காசு. பட்டா அவர் பெயரில் இல்லாததால் அவர் விண்ணப்பிக்க முடியாது. ஓய்வூதியர் என்பதால் நானும் முடியாது. நவரை மழையில் சாய்ந்தால் நஷ்டம் மட்டும் முழுக்க அவருக்கு.

2020 நினைவிருக்கிறதா? கொரோனா ஊரடங்கில், தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. சுமார் 110 கோடி ரூபாய். நம் செங்கல்பட்டு மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, இடைத்தரகர்கள் கைதானார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்த ஏழைகளும் அதில் உண்டு. அவர்கள் கணக்கிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. நிலமே இல்லாதவர் பெயர் உள்ளே போக வழி இருந்தது. நிலத்தில் உழைப்பவர் பெயருக்கு மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1955 குத்தகைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்பதால், சொந்தக்காரர்கள் எழுத்து என்றாலே பின்வாங்குகிறார்கள். ஆந்திரத்தில் 2019-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: 11 மாத ஒப்பந்தம், பயிரிடுபவருக்கு ஓர் அட்டை, நில உரிமை சொந்தக்காரரிடமே. ஒடிசாவின் காலியா திட்டத்தில் குத்தகை விவசாயிகளையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்தார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

"எழுதிக் கொடுத்துடலாம்" என்று வீட்டில் சொன்னேன். "அந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகுதுன்னு தெரியுமாப்பா?" என்றான் மகன். சரி, அவரிடமே கேட்போம் என்று போனேன். அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "வேணாம் சார். நான் பேப்பர் வாங்கினேன்னு தெரிஞ்சா மத்த ரெண்டு பேரும் அவங்க நிலத்தைத் தரமாட்டாங்க."

இப்போதைக்கு ஒன்று செய்திருக்கிறேன். இந்தப் போக அடங்கலில் பயிரிடுபவர் என்று அவர் பெயரைக் குறிக்கும்படி வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பயிர்க் காப்பீட்டுக்காவது உதவும்.

ஊரில் நிலம் வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் வயலில் யார் பயிர் வைக்கிறார்? அடங்கலில் யார் பெயர் இருக்கிறது? இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.