ஒரே ஒரு புள்ளி

என் பிள்ளைக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். அன்று இரவு சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஜெயிச்சால் போதும், அம்மா. எப்படி ஜெயிச்சான்னு அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்றான்.

அவன் மனத்தில் இருந்தவர் பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னா. 1990-ல் ஜப்பானில் சுஸுகா பந்தயம். பிரெஞ்சுக்காரர் அலேன் ப்ராஸ்ட் பந்தயத்தை முடிக்காவிட்டால் உலகப் பட்டம் சென்னாவுக்கு. முதல் வளைவிலேயே இருவர் கார்களும் மோதி வெளியே போயின. பட்டம் கிடைத்துவிட்டது! வழிவிடுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்ததை மறு ஆண்டு சென்னாவே ஒப்புக்கொண்டார். முந்திய ஆண்டு தமக்கு அநீதி நடந்தது என்பது அவருடைய மனக்குறை.

"சரி, ஷூமேக்கரை மறந்துவிட்டாயா?" என்றேன். 1997-ல் ஸ்பெயினில், தம்மை முந்த வந்த வில்நெவ்வின் காரை அவர் இடித்தார். சரளைக்கல்லில் சிக்கிக்கொண்டது இடித்தவர் கார்தான்! பட்டம் வில்நெவ்வுக்குப் போயிற்று. அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்தே ஷூமேக்கரின் பெயரை நீக்கிவிட்டார்கள்.

பிறகு அவனுக்கு ஸ்டிர்லிங் மாஸின் கதையைச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

1958, போர்ச்சுகலில் போர்ட்டோ நகரம். மாஸ் முதலாவதாக வந்தார். அவருடைய போட்டியாளர் மைக் ஹாதார்ன் இரண்டாவது. ஆனால், நடுவில் நின்றுபோன காரைக் கிளப்ப, ஹாதார்ன் அதை எதிர்த் திசையில் இறக்கத்தில் தள்ளினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பந்தய அதிகாரிகள் அவரைத் தள்ளி வைத்தார்கள். மாஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா? அவர் நேரே போய், "ஹாதார்ன் தள்ளியது நடைபாதையில், பந்தயப் பாதையில் அல்ல" என்று சாட்சி சொன்னார். ஹாதார்னுக்குப் புள்ளிகள் திரும்பக் கிடைத்தன.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். ஹாதார்ன் 42, மாஸ் 41. அந்த ஆண்டு நான்கு பந்தயங்களில் வென்ற மாஸுக்குப் பட்டம் இல்லை. ஒன்றில் மட்டும் வென்றவருக்குப் பட்டம்! அந்தச் சாட்சி இல்லாவிட்டால் பட்டம் மாஸுடையதுதான். 2020-ல் காலமாகும் வரை அவர் உலகப் பட்டம் பெறவே இல்லை. ஆனாலும் மாஸின் பெயரைச் சொன்னால் இன்றும் அந்தச் சாட்சியையும் சொல்கிறார்கள்.

பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அம்மா, போன வாரம் கணக்குப் பேப்பரில் வாத்தியார் தப்பாகக் கூட்டி இரண்டு மார்க் அதிகம் போட்டிருந்தாரே. 'பேசாமல் இரு'ன்னு சொன்னது யார்?" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குனிந்து அவன் தட்டில் மோர் விட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு இருவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். இரண்டு மார்க் குறைந்தது. வகுப்பில் அவனுடைய முதல் இடமும் போயிற்று. திரும்பி வரும்போது எனக்குத்தான் வருத்தம். அவனோ வழி நெடுக விசிலடித்துக்கொண்டு வந்தான்!